ஊமைக்காயத்தின் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரியணைகளும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே. நானும் என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதியை அவற்றைக் கற்பிப்பதிலேயே கழித்தேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. விளையாட்டுத் திடலில் ஒருவனுடைய முழங்கால் மற்றொருவனுடைய தொடையில் மோதுகிறது. தோல் கிழியவில்லை, குருதி சிந்தவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆயினும் அடிபட்டவன் நொண்டிக்கொண்டு திடலை விட்டு வெளியேறுகிறான். இன்னும் மூன்று நாளில் அவனுக்கு ஒரு போட்டி இருக்கிறது. அதற்குள் அவனைத் தேற்றுவது எப்படி? இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை உரிய காலத்தில் நான் அறியாதிருந்ததனால் ஒரு மாணவனுக்குத் தீங்கு நேர்ந்தது. அதனையும் மறைக்காமல் சொல்லவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

இத்தகைய அடியை நம் மக்கள் ஊமைக்காயம் என்பர். எவ்வளவு பொருத்தமான பெயர்! மற்றப் புண்ணுக்கு வாய் உண்டு, இதற்கு வாயில்லை. உள்ளே நேர்ந்ததை அது வெளியே சொல்வதில்லை. ஆங்கிலேயர் இதனைச் ‘செத்த கால்’ என்கின்றனர். அமெரிக்கர் ‘சார்லி குதிரை’ என்கின்றனர். 1880-ஆம் ஆண்டுகளில் அவர்களுடைய பேஸ்பால் ஆட்டக்காரரிடையே பிறந்த வழக்கு அது. யார் அந்தச் சார்லி, எது அந்தக் குதிரை என்பதற்குக் கதைகள் பல உண்டு. நம்பத் தக்கது ஒன்றுமில்லை. பெயர் வைப்பதில் நம்மவரே வென்றனர் என்பது என் துணிபு.

1993-ஆம் ஆண்டு நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்றாசிரியனாக இருந்தேன். கபடிக் குழுவைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. பாடிச் செல்வதில் வல்லவனாகிய மாணவன் ஒருவன் எங்களுக்கு வாய்த்திருந்தான். ஒரு புதன்கிழமை மாலைப் பயிற்சியின்போது, அவன் திரும்பிய வேகத்தில் பிடிக்க வந்தவனுடைய முழங்கால் அவன் தொடையின் முன்புறத்தில் பலமாக இடித்தது. சனிக்கிழமை எங்களுக்கு இறுதிப் போட்டி. வியாழன் காலையில் அவன் பலகையில் அமர்ந்தபோது, காலைச் செங்குத்தாகத் தொங்கவிடவும் அவனால் இயலவில்லை; கால் முன்னோக்கி நீட்டியே இருந்தது. நான் நீவி விடுவதில் கைதேர்ந்த ஒரு முதியவரை அழைத்து வந்தேன். காலையும் மாலையும் சூடான தைலத்தை ஊற்றி அழுத்தி நீவினார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடமும் கொடுத்தோம். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். சனிக்கிழமை களத்தில் இறங்கினான். இரண்டாவது முறை பாடிச் சென்றபோதே விழுந்தான். ஒரு மாதம் கழித்து அவன் தொடைக்குள் கல் போன்ற ஒரு கட்டி தட்டுப்பட்டது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், தசைக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் மாவட்ட அணிக்கு ஆட்டக்காரர் தேர்வு நடைபெறும் என்ற சுற்றறிக்கை அந்த வாரமே பள்ளிக்கு வந்திருந்தது. அதனை நான் அவனிடம் காட்டவில்லை. காட்டினால், தேர்வுக்காகக் காலைப் பேணச் சனிக்கிழமை ஆட மறுப்பானோ என்று அஞ்சினேன்.

அவன் தொடைக்குள் நேர்ந்தது என்ன? தொடையின் முன்புறத் தசை நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் ஒன்று தொடை எலும்பை ஒட்டி, மற்றவற்றின் அடியில் கிடக்கிறது. வெளியிலிருந்து முழங்காலோ பந்தோ மோதும்போது, அந்த அடித்தசை அம்மிக்கும் குழவிக்கும் இடையே அகப்பட்ட பொருள்போல நசுங்குகிறது. தசைநார்கள் அறுபடுகின்றன, நுண்ணிய குருதிக் குழாய்கள் உடைகின்றன, குருதி வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. தேங்கிய குருதி தசையை இறுக்குவதால் முழங்காலை மடக்க முடிவதில்லை. ஆகவே அடியின் கடுமையை அளக்கத் தோலின் நிறத்தைப் பார்ப்பதில் பயனில்லை. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த எளிய உண்மை ஏட்டில் ஏறுவதற்கு 1973 வரை ஆயிற்று. அதற்கு முந்திய கதையைச் சற்றுப் பார்ப்போம்.

ஆட்டக்காரருக்கென்று மருத்துவரை அமர்த்துவது பழைய வழக்கமே. கி.பி. 157-இல் கேலன் என்ற கிரேக்க மருத்துவர், தம் சொந்த ஊராகிய பெர்கமத்தில், வாட்போர் வீரர்களின் மருத்துவராக அமர்த்தப்பெற்றார். இன்று துருக்கி நாட்டில் பெர்காமா என வழங்கும் ஊர் அது. தமக்கு முன்னிருந்தவர்களைக் காட்டிலும் தம் கையில் இறந்தவர் மிகச் சிலரே என்று அவர் பெருமை பேசிக்கொண்டார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள், வீக்கத்தின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் வலி தணியும் என்று கூறியிருந்தன. நம் நாட்டிலோ புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிய பற்றும், மூசாம்பரப் பற்றும் வீட்டுக்கு வீடு அறிந்தவை. பற்றின் மருத்துவப் பயன் எத்தகையதாயினும், அதில் ஒரு நன்மை உண்டு: பற்றுப் போட்ட இடத்தை யாரும் தேய்ப்பதில்லை! நான் அன்று அந்த முதியவரை அழைக்காமல் என் பாட்டியின் வழியைப் பின்பற்றியிருந்தால், பையனுக்கு அவ்வளவு கேடு விளைந்திராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறுவை மருத்துவரிடையே ஒரு பெரும் வழக்கு எழுந்தது. அடிபட்ட உறுப்புக்கு ஓய்வு வேண்டுமா, அசைவு வேண்டுமா என்பதே அது. லண்டனில் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை நிகழ்த்திய சொற்பொழிவுகளில், இயற்கை தன் சீர்திருத்தப் பணியைச் செய்ய ஓய்வே துணை என்று வாதிட்டார். லிவர்ப்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் இதனை இன்னும் கடுமையாகச் சொன்னார். அவர் எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர்; முறையாக மருத்துவமும் கற்றவர். இடையறாத, நீடித்த ஓய்வே அவருடைய மந்திரம். ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால், பாரிஸ் நகரில் லூக்கா ஷாம்பியோனியேர் என்ற அறுவை மருத்துவர், அசைவே உயிர் என்றார். எலும்பு முறிந்த இடத்துக்கும் மென்மையான நீவலும் விரைவில் தொடங்கும் அசைவும் நல்லவை என்று கற்பித்தார். இரு திறத்தாரும் அறிஞர்களே. இருவர் பக்கத்திலும் குணமடைந்த நோயாளிகள் இருந்தனர். ஆகவே வழக்கு முடிவின்றி நீண்டது.

அதே நூற்றாண்டில் ஜெர்மானியப் படை மருத்துவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் குறித்து வைத்தனர். அணிவகுப்புப் பயிற்சியில் துப்பாக்கியைத் தோளில் நாள்தோறும் ‘டக்’கென்று சாத்திவந்த வீரர் சிலரின் தோள் தசைக்குள் எலும்பு முளைத்தது. குதிரைப் படையினருக்கோ, சேணத்தில் உராயும் உட்தொடைத் தசையில் அவ்வாறே எலும்பு வளர்ந்தது. முன்னதைப் ‘பயிற்சி எலும்பு’ என்றும் பின்னதைச் ‘சவாரி எலும்பு’ என்றும் அவர்கள் அழைத்தனர். நசுங்கிய தசை மேலும் மேலும் இடிக்கப்பட்டால், அது தசையாகத் திரும்புவதை விட்டு எலும்பாக மாறவும் கூடும் என்பது இதனால் புலப்பட்டது. எங்கள் பள்ளி மாணவனின் தொடையில் இருமுறை நாள்தோறும் அழுத்தி நீவியபோது நாங்கள் செய்ததும், படைவீரனின் துப்பாக்கி செய்ததும் ஏறத்தாழ ஒரே வேலைதான்.

ஓய்வா, அசைவா என்ற வழக்குக்குத் தீர்ப்பு வந்தது பின்லாந்து நாட்டிலிருந்து. துர்க்கு நகரில் மார்க்கு யார்வினென் என்னும் மருத்துவர், 1970-களின் நடுவில், எலிகளின் கால் தசையை நசுக்கி, அது ஆறும் வகையை நாள் நாளாக ஆராய்ந்தார். உடனே நடமாடவிட்ட எலிகளில் குருதிக் கசிவு மிகுந்தது. நெடுநாள் கட்டிப்போட்ட எலிகளில் தசைநார்கள் ஒழுங்கின்றி வளர்ந்தன, தசையும் நலிந்தது. முதலில் சில நாள் ஓய்வு, அதன்பின் சிறிது சிறிதாக அசைவு என்று விடப்பட்டவற்றில்தான் நார்கள் நேராகவும் வலிமையாகவும் வளர்ந்தன. ஹில்டனும் பொய் சொல்லவில்லை. ஷாம்பியோனியேரும் பொய் சொல்லவில்லை. முன்னவர் முதல் நாட்களைப் பற்றிச் சரியாகச் சொன்னார். பின்னவர் பிந்திய நாட்களைப் பற்றிச் சரியாகச் சொன்னார். நூறாண்டுச் சண்டை, நாட்காட்டியில் எந்தத் தேதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேளாமையால் வந்த சண்டை.

இனித் தொடைக்கு வருவோம். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயின்ட் என்னும் இடத்தில் 1802-இல் நிறுவப்பெற்ற இராணுவக் கழகம் ஒன்று இருக்கிறது. அங்குப் பயிலும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு விளையாட்டில் ஈடுபட்டே ஆக வேண்டும். அடிபட்டவன் வேறு மருத்துவமனைக்குப் போய் மறைந்துவிட முடியாது; மறுநாளும் மறுவாரமும் அதே மருத்துவர்முன் நின்றாக வேண்டும். ஊமைக்காயத்தை ஆராய இதைவிட வாய்ப்பான இடம் ஏது? அங்குப் பணியாற்றிய ஜாக்சன், ஃபீகின் என்ற மருத்துவர் இருவர் 1973-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். முழங்கால் மடங்கும் அளவைக் கொண்டே அடியை மூன்று வகையாக அவர்கள் பிரித்தனர். கால் நேராக இருப்பதைச் சுழி என்று கொண்டால், 90 பாகைக்கு மேல் மடங்குமாயின் அடி எளியது. 45-க்கும் 90-க்கும் இடைப்பட்டதாயின் நடுத்தரம். 45 பாகைகூட மடங்காதாயின் கடுமையானது. பலகையில் அமர்ந்து காலைச் செங்குத்தாகத் தொங்கவிட முடியாத எங்கள் பையனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவன் 90 பாகையை எட்டவில்லை. நடுத்தரமும் கடுமையும் ஆன காயங்களில் பெரும்பாலானவற்றில் பின்னர்த் தசைக்குள் எலும்பு தோன்றியதையும் அம்மருத்துவர்கள் கண்டனர்.

அக்காலத்தில் அங்கும் அடிபட்ட காலை நேராக நீட்டி வைத்தே ஓய்வு கொடுத்தனர். நாமும் அப்படித்தானே செய்வோம்? நீட்டினால் வலி குறைவு. ஆனால் நீட்டிய நிலையில் தசை தளர்ந்து கிடக்கிறது. தளர்ந்த தசையில் குருதி தேங்க இடம் மிகுதி. மேலும், நீட்டிய காலில் மறுபடி மடக்கும் திறனைப் பெறுவதே நெடுநாள் வேலையாக இருந்தது. ஆகவே அடுத்த தலைமுறை மருத்துவர்கள் முறையைத் தலைகீழாக்கினர். முதல் 24 மணி நேரத்துக்கு முழங்காலை வலி பொறுக்கும் அளவுக்கு மடக்கிய நிலையில் வைத்து, மீள்துணிக் கட்டால் கட்டிப் பனிக்கட்டியும் வைத்தனர். மடங்கிய காலில் தசை விறைப்பாக நீண்டு, தானே தன் காயத்தை அழுத்திக் குருதிக் கசிவை அடக்குகிறது. ரயன் முதலியோர் 1991-இல் வெளியிட்ட அறிக்கையில் 117 காயங்களின் கணக்கு இருக்கிறது. எளிய காயம் சராசரி 13 நாளிலும், நடுத்தரக் காயம் 19 நாளிலும், கடுமையானது 21 நாளிலும் தேறின. எலும்பு வளர்ந்தது 11 பேருக்கு மட்டுமே. யாருக்கு அவ்வாறு வளரக்கூடும் என்பதற்கு அவர்கள் கண்ட அறிகுறிகளுள் இரண்டு என்னை உறுத்தின: முன்னரே அதே தசையில் அடிபட்டிருப்பது ஒன்று, மூன்று நாளுக்கு மேல் சிகிச்சை தாமதமாவது மற்றொன்று.

2006-இல் மேரிலாந்து மாநிலத்து அன்னாப்பொலிசில் உள்ள கடற்படைக் கழகத்திலிருந்து வந்த அறிக்கை இன்னும் வியப்பானது. அரோனென் என்ற மருத்துவரும் துணைவரும் 47 மாணவர்களுக்கு, அடிபட்ட 10 நிமிடத்துக்குள்ளேயே முழங்காலை 120 பாகை மடக்கிக் கட்டி, 24 மணி நேரம் அப்படியே வைத்தனர். ஊன்றுகோலுடன் நடந்த அம்மாணவர்கள், கட்டை அவிழ்த்தபின் நாள்தோறும் பலமுறை தசையை மெல்ல நீட்டிப் பழகினர். சராசரி மூன்றரை நாளில் முழு ஆட்டத்துக்குத் திரும்பினர். பின்னர் எக்ஸ்ரே எடுக்கப்பெற்ற 23 பேரில் ஒருவருக்கே எலும்பு தென்பட்டது.

மூன்றரை நாள் என்றவுடன், சனிக்கிழமைப் போட்டியை மனத்தில் வைத்திருக்கும் மாணவர் துள்ளி எழக்கூடும். பொறுங்கள். வரலாற்று மாணவன் சான்றைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டியது, இச்சான்று எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதே. அன்னாப்பொலிசில், மடக்கிக் கட்டாத மற்றொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. அவர்கள் அனைவரும் நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள். மருத்துவர் திடலின் ஓரத்திலேயே நின்றிருந்தார். அந்தப் பத்து நிமிடம் நம் கிராமத்துத் திடல்களில் எளிதில் வாய்ப்பதன்று. எனினும் கால் மடக்கும் முறை தீங்கற்றது, செலவற்றது. ஆகவே கற்றுக்கொள்ளத் தக்கது என்றே நான் எண்ணுகிறேன்.

பனிக்கட்டியின் கதையும் சுவையானது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரே சொல்லாகக் கோத்து உலகெங்கும் பரப்பியவர் கேப் மெர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அந்நூல் 1978-இல் வெளிவந்தது. அழற்சி என்பது சீர்திருத்தும் உயிரணுக்கள் வரும் வழி. நெடுநேரப் பனிக்கட்டி அவ்வழியை அடைக்கக்கூடும் என்று பல்லாண்டு கழித்து அவரே எழுதினார். தாம் சொன்னதைத் தாமே திருத்திய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. 2019-இல் கனடா நாட்டின் துபுவா, எஸ்குலியே என்ற இருவர் வகுத்த புதிய முறையில் பனிக்கட்டிக்கு இடமே இல்லை. காத்தல், அழுத்தம், பின்னர்ப் படிப்படியான பளு, மன உறுதி ஆகியவற்றுக்கே முதன்மை. வலி தணியச் சிறிது நேரம் துணியில் சுற்றிப் பனிக்கட்டி வைப்பதில் தவறில்லை என்று இன்றும் பல மருத்துவர் கூறுகின்றனர். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் முதல் சில நாட்களில் சூடான ஒத்தடமும் அழுத்தி நீவுவதும் கூடா என்பதில் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. சூடு குருதிக் குழாய்களை விரிக்கிறது, நீவல் உறைந்ததைக் கிளறுகிறது. வலிக்கென்று ஆஸ்பிரின் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் வேண்டா; அது குருதி உறைவதைத் தடுப்பது.

ஆகவே உங்களில் எவனுக்கேனும் தொடையில் அடிபட்டால், ஆட்டத்தைத் தொடராமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். குதிகால் பிட்டத்தை நெருங்கும்படி, வலி பொறுக்கும் வரை காலை மடக்கித் துணியால் கட்டுக. தொடை கல்லாக இறுகி, நேரம் ஆக ஆக வலி மிகுந்து, பாதம் மரத்துப்போனால், அது ஒத்தடத்துக்கோ பற்றுக்கோ அடங்குவதன்று. அக்கணமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்க. மீண்டும் ஆடலாமா என்பதைக் காலே சொல்லும். அடிபட்ட கால் மற்றக் காலைப்போல் முழுதும் மடங்குகிறதா, குந்தி எழ முடிகிறதா, முழு வேகத்தில் ஓடித் திரும்பும்போது வலியில்லையா என்று பார்க்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால், அவ்விடத்தில் தடித்த பஞ்சுறை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆடலாம். போட்டியின் தேதி அச்சிட்ட அறிவிப்பு, தசைக்கு எழுத்துத் தெரியாதாகையால், அதற்குப் பயன்படாது.

1991-ஆம் ஆண்டின் அறிக்கை, எங்கள் மாணவன் அடிபடுவதற்கு இரண்டு ஆண்டு முன்னரே அச்சாகிவிட்டது. அது எங்கள் பள்ளிக்கு எட்டவில்லை; எட்டியிருக்கவும் வழியில்லை. ஆகையால் நீவிய முதியவரை நான் குறை கூறேன். தாம் கற்ற தொழிலை அவர் செய்தார். சுற்றறிக்கையைப் பற்றி அவ்வாறு சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை. அவன் தொடையில் வளர்ந்த எலும்பு ஓராண்டுக் காலத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. தேர்வு நடந்த நாளில் அவன் படிக்கட்டு ஏறவும் கைப்பிடியைப் பற்ற வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் மகளின் திருமண அழைப்பைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை நகர்த்தினேன், வேண்டா என்று தரையிலேயே சம்மணமிட்டு அமர்ந்தார். நான் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆய்வுகளைப் பற்றியெல்லாம் அவரிடம் சொன்னேன்.

“அப்படியானால் அன்றைக்குக் காலை மடக்கிக் கட்டியிருந்தால், நான் சனிக்கிழமை ஆடியிருப்பேனா ஐயா?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை ஆடியிருக்க முடியாது, தம்பி. அடுத்த மாதம் நடந்த தேர்வில் ஒருவேளை ஆடியிருக்கலாம்” என்றேன்.

“தேர்வா? எந்தத் தேர்வு ஐயா?” என்றார் அவர்.